டர்போ காரின் சக்தியைக் கூட்டுவதற்கு முன்

டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, பொருத்திய ஸ்போர்ட்ஸ் காரில் எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றுவதே சக்தியைக் கூட்டுவதற்கான எளிய வழி. எனினும் காற்றழுத்தத்தோடு வெப்பமும் உயர்வதால், ஆண்டு முழுவதும் வெக்கை நிலவும் சிங்கப்பூரில் முதலில் மேம்படுத்த வேண்டியது அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரே என்பேன். உள்ளே செல்லும் காற்று சூடாக இருந்தால், எரியாமல் மிஞ்சிய பெட்ரோல்-காற்றுக் கலவை தானாகவே வெடித்து ‘நாக்கிங்’ ஏற்படும். அதைத் தவிர்க்கக் கணினி தீப்பொறியைத் தாமதப்படுத்தும்போது, காசு கொடுத்து வாங்கிய சக்தி காணாமல் போகும். ஆக்டேன் எண் குறைந்தால் நாக்கிங்கைத் தாங்கும் திறனும் குறையும் என்பதால், 98 ஆக்டேன் பெட்ரோலுக்கென அமைத்த காரில் 95 நிரப்பினாலும் இதே கதிதான்.

கூடுதல் முறுக்குவிசையைக் கிளட்சும் கியர்பெட்டியும் தாங்குமா என்பதை முன்கூட்டியே விசாரியுங்கள். புகைபோக்கியை மாற்றுமுன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைச் சரிபார்ப்பதோடு, செய்யும் மாற்றங்கள் அனைத்தையும் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகத் தெரிவியுங்கள். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம்.

விரைவுச்சாலையிலேயே உச்சவேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர்தான் என்பதால், அதே பணத்தை நல்ல டயருக்கும் பிரேக் பட்டைகளுக்கும் செலவிட்டால் அன்றாட ஓட்டத்தில் அதிகப் பலன் தெரியும். கழற்றிய அசல் பாகங்களை எறிந்துவிடாதீர்கள். வாகனப் பரிசோதனையின்போதும் விற்கும்போதும் அவை தேவைப்படலாம்.