மட்டக்களப்புப் புளியந்தீவில் பழைய வீடு வாங்க முதல்

"சண்டைக்கு முந்தின வீடு ஓடாவியார், ஒருக்கா வந்து பாருங்க" என்று தச்சனான என்னைத் தரகர் கூப்பிட்டால், "எந்தச் சண்டை?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். நமக்குச் சண்டை என்றால் 1983இல் தொடங்கியது. அவர் சொல்வது ஹிட்லர் சண்டையை, அதாவது 1939க்கு முந்தின கட்டடம். சரி, இருக்கட்டும். வாங்குகிறவர் கேட்க வேண்டியது இந்த இரண்டுக்கும் நடுவில் வந்த ஒன்றைப் பற்றி: 1978 நவம்பர் 23 சூறாவளி. "அன்றைக்கு இந்தக் கூரைக்கு என்ன நடந்தது?" என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சுவர் 1930இல் எழும்பியிருக்கும். கூரை 1979இல் போட்டதாக இருக்கலாம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கூரைகளில் சிலதைப் போட்டவனே நான்தான். எனக்கு அப்போது பதினாலு வயது, அப்பாவோடு உளி பிடிக்கத் தொடங்கிய காலம். மரத்துக்குத் தட்டுப்பாடு, மழையோ விடவில்லை, சனம் ஓலைக்குக் கீழே கிடந்தது. விழுந்த தென்னைகளைப் பச்சையாகவே அறுத்து, ஓடுகளைத் தாங்கும் சாய்வுக் கைமரமாகப் போட்டோம். வேறு வழி இல்லை. அவற்றில் சிலது இன்றைக்கும் நிற்கிறது, சிலது நிற்பது போல நடிக்கிறது.

ஆகவே முதலில் ஏணி. வாசல் அழகு, விறாந்தைத் தூண், பூப்போட்ட தரை எல்லாம் பிறகு. சீலிங் அடித்திருந்தால் ஒரு பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே டோர்ச் அடித்து மரத்தைப் பாருங்கள். முதிரை மஞ்சளாக, சீவினால் பட்டுப் போல மினுங்கும். தென்னையில் வளையம் இராது, கறுப்புக் கறுப்பாகப் புள்ளியும் கோடும் ஓடும். தென்னை என்றவுடன் ஓடிவிட வேண்டாம். வெளிவைரம் நல்ல கெட்டி, உள்சோறுதான் மெது. பழைய திருப்புளி (ஸ்குரூ டிரைவர்) ஒன்றை எடுத்து, கைமரம் சுவரில் உட்காரும் தலைப்பக்கம் குத்துங்கள். நடுவில் குத்திப் பார்த்துவிட்டு "நல்ல மரம்" என்று இறங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கறையான் ஏறுவது சுவர் வழியாக, ஒழுக்குத் தண்ணீர் நிற்பதும் அங்கேதான். திருப்புளி கால் அங்குலத்துக்கு மேல் சும்மா இறங்கினால் அந்த மரத்தை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

கூரை ஓடுகளிலும் ஒன்றிரண்டைக் கழற்றிப் புரட்டுங்கள். பழைய ஓடுகளில் கீழ்ப்பக்கம் தொழிற்சாலைப் பெயர் அச்சு இருக்கும். எல்லாம் ஒரே பெயர் என்றால் ஒரே தடவையில் வேய்ந்தது. மூன்று நான்கு பெயர் கலந்து கிடந்தால் ஒட்டுப்போட்ட கூரை, எங்கெங்கே ஒழுகியது என்று கேட்கலாம். ஓட்டுக்குப் பதில் அஸ்பெஸ்டஸ் சீற் கிடந்தால் வெட்டவோ துளைக்கவோ வேண்டாம், அந்தத் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

சுவருக்கு வருவோம். அந்தக் காலத்துச் சுவர் முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பில் கட்டியது, தடிப்பு ஒரு முழம் வரும். அது மூச்சு விடுகிற சுவர், உறிஞ்சிய ஈரத்தை வெயிலில் விட்டுவிடும். பிற்காலத்தில் யாரோ அழகுக்கு அதன் மேல் சீமெந்து பூசி, பளபளவென்று பெயின்ரும் அடித்திருப்பார்கள். போக வழியில்லாமல் ஈரம் உள்ளேயே நின்று உப்பாகப் பூக்கும். புளியந்தீவைச் சுற்றி வாவி, கேட்க வேண்டுமா? ஒரு தடவை புதுப் பெயின்ர் அடித்த வீடு ஒன்றுக்குப் போனேன். அறையில் ஒரு அலுமாரி, அதில் ஒரு சாமானும் இல்லை. வெறும் அலுமாரியை யார் சுவரோடு ஒட்டி வைப்பார்? இரண்டு பேர் பிடித்து நகர்த்தினோம். பின்னால் இடுப்பளவுக்குப் பூச்சு உரிந்து, வெள்ளை உப்பு மாவு போலக் கொட்டியது. கூட வந்த கிழவி, "இதென்ன மனே, சுவர் அழுதுகிட்டுக் கிடக்கு" என்றா. வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை.

அதனால் வீடு பார்க்க ஆவணியில் போகாதீர்கள், அப்போது எல்லா வீடும் நல்ல வீடுதான். மார்கழியில், இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு போங்கள். முற்றத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் உவர் தெரியும். வயரிங்கைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை: பழசு என்றால் முழுக்க மாற்றுங்கள்.

அப்புறம் உறுதி, அதாவது வீட்டுப் பத்திரம். இது என் தொழில் இல்லை, ஆனால் கூரை பார்த்துக் கொடுத்த வீடுகளில் பாதி உறுதியில்தான் இடறியது. புளியந்தீவு அப்படியான இடம். மரியாள் பேராலயத்து மணிக்கும் பள்ளிவாசல் பாங்குக்கும் கோயில் மேளத்துக்கும் நடுவில் சனம் கலந்து கிடக்கும். ஆணி அடிக்காமல் கதவு கோக்க நான் படித்ததே போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த ஒரு பறங்கி மாமாவிடம். அவருடைய பிள்ளைகள் இப்போது அவுஸ்திரேலியாவில். ஒரு வீட்டின் உறுதிகளை அடுக்கினால் ஒரு பறங்கியர், ஒரு தமிழ் வாத்தியார், ஒரு முஸ்லிம் முதலாளி என்று பெயர்கள் வரும். ஒவ்வொரு கை மாறும்போதும் பங்கு பிரிகிற கணக்கு வேறு. முஸ்லிம் ஒருவர் மரணசாசனம் எழுதாமல் மௌத்தானால் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. அவர்களிடமும் நம்மிடமும் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதுதான் வழக்கம் என்பதால் சீதன உறுதியும் நடுவில் வரும். அதில் தாய்க்குச் சீவிய உரித்து, அதாவது சாகும் வரை அனுபவிக்கும் உரிமை, ஒதுக்கியிருக்கிறதா என்று வரி வரியாக வாசியுங்கள். இருந்தால் மகள் மட்டும் கையெழுத்து வைத்துப் போதாது, தாயும் அதை விட்டுக்கொடுக்க வேண்டும்.

என் மருமகன் ஒருவர் முற்பணம் கொடுத்த பிறகுதான் அந்த வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு மெல்பேணில் இருக்கும் தம்பியுடையது என்று தெரிந்தது. அவருக்காக இங்கே ஒருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் வந்து சேர ஒன்பது மாதம். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்காவது தேடிப் பாருங்கள், முற்பணத்தைப் பிறகு கொடுங்கள். எழுதிய உறுதியைப் பதிய நாள் கடத்தவும் வேண்டாம். 1927ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி அதே வீட்டுக்கு உங்களுக்குப் பிந்தி உறுதி எழுதியவர் முந்திப் பதிந்தால் நீங்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டி வரலாம்.

கடைத்தெருப் பக்கம் "மேல்மாடி மட்டும் தாறம்" என்று ஒரு பேச்சு வரும். கொழும்பில் மாடிவீடு வாங்குவது போல அது நடக்காது. 1973ஆம் ஆண்டு மாடிவீட்டுச் சட்டப்படி தனித்தனி வீடாகக் காட்டும் வரைபடம் பதிவாகி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது பிரிக்காத பங்கு ஒன்றுதான். படிக்கட்டு யாருக்கு, கூரை ஒழுகினால் காசு யார் போடுவது என்று ஆயுள் முழுக்கத் தகராறு.

முத்திரை வரியை மறந்துவிட்டுக் காசு சேர்க்காதீர்கள். முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், வாங்குகிறவர் தலையில். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 3,99,000 ரூபாய். உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கூலி வேறு.

கூரை பார்க்க நான் வருகிறேன், கூலி வேண்டாம். ஏணி மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். என்னுடையது தென்னையில் செய்தது, போன மாரியில் இரண்டு படி உக்கிவிட்டது.