எகுங்குன் உடையைக் கையில் எடுக்கும் முன்

மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களுடைய முகமூடிகளும் ஆட்ட உடைகளும் இருக்கும் அருங்காட்சியகச் சேகரிப்புகளுக்குப் புதிதாக வேலைக்கு வருபவர்களைப் பார்க்கிறேன். ஆள்தான் புதிது, தவறு அதே பழசு. கையுறை இல்லாமல் தொடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது.

உள்துணியை அழுக்கு என்று நினைப்பது

எகுங்குன் என்றால் ஆட்டத்தின் வடிவில் முன்னோர் ஊருக்குள் வந்து நிற்பது. ஆடுபவரைத் தலைமுதல் கால்வரை துணி மூடும், கண்ணுக்கு நேரே வலை. மர முகமூடியே இல்லாதவை ஏராளம். வெளியே வெல்வெட்டும் புரோகேடும் தொங்கும், ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய சிவப்புத் துணி. உள்ளே, உடலை ஒட்டி, அவுரி நீலமும் வெள்ளையும் கோடிட்ட கைத்தறி. பிணத்தைச் சுற்றும் துணியை நினைவூட்டுவது அதுதான். விழா வரும்போது குடும்பத்தார் மேலே புதுத்துணி சேர்ப்பார்கள், பழசு உள்ளேயே இருக்கும்.

கண்காட்சி நெருங்கிய அவசரத்தில் ஒருவர் அந்த உள்ளடுக்கைப் பிரித்து நனைத்துவிட்டார். நீலம் வெள்ளைக் கோடுகளில் இறங்கிவிட்டது. தையலுக்குள் முடிந்திருந்த சின்னப் பொட்டலத்தைக் குப்பை என்று தூக்கி ஒரு உறையில் போட்டார். காப்புக்காக மருந்து வைத்துத் தைத்தது அது. எந்த உடையிலிருந்து எடுத்தது என்றுகூட உறைமேல் எழுதவில்லை. கேட்டால், "சுத்தமாகத்தானே இருக்கிறது!"

நனைந்தது உலர்ந்துவிடும், சரி. எதன்மேல் எது இருந்தது என்ற வரிசை போனால் போனதுதான். எந்தத் துணி முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்பதற்கு உடையிலேயே இருக்கும் சாட்சி அந்த வரிசை. அதனால் ஊசிமுனை படுவதற்கு முன்பே ஒவ்வொரு அடுக்கையும் படமெடுங்கள், தையல் நூலின் நிறம் உட்பட எழுதுங்கள். கீழ்விளிம்பில் மண் ஒட்டியிருக்கிறதா? இருக்கட்டும். அது ஆடிய தரையின் மண்.

கெலெடேயையும் எகுங்குன் கணக்கில் சேர்ப்பது

கெலெடே தாய்மார்களின், முக்கியமாக முதிய பெண்களின் ஆற்றலைப் போற்றிச் சாந்தப்படுத்தும் ஆட்டம். ஆடுவது ஆண்கள். யுனெஸ்கோ பட்டியலில் 2008இல் சேர்ந்தது. மரத்தில் செதுக்கிய தலையை உச்சந்தலையில் வைப்பார்கள், ஆடுபவர் அதற்குக் கீழே தொங்கும் துணி வழியாகப் பார்ப்பார். அதைக் கண்மட்டத்தில் சுவரில் மாட்டினால் செதுக்கியவர் நினைத்த கோணமே தப்பிவிடும்.

உள்ளே ஆடியவர் யார் என்று கேட்பது

கேட்காதீர்கள்.

அசையாமல் நிறுத்திவிட்டுப் போவது

ஆடுபவர் சுழலும்போது துணிகள் விரிந்து கிளப்பும் காற்றே ஆசி என்பார்கள். பக்கத்தில் ஒரு வீடியோவாவது ஓடட்டும்.