“அந்த அக்கா சொன்னா கேட்பான்”: வழிகாட்டித் திட்டத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி திறந்து இரண்டு வாரம் போனால், மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் இந்தப் பேச்சு காதில் விழும். “சனிக்கிழமை மண்டபத்துல ஏதோ புரோகிராம் நடத்துறாங்களாம். காசு இல்லையாம், நாசி லெமாக்கும் தர்றாங்களாம். நம்ம பய பேரைக் கொடுத்துட்டேன்.”

நானும் அப்படித்தான் கொடுத்தேன். யார் வருகிறார்கள், எத்தனை மாதம் வருவார்கள், வந்து என்ன செய்வார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகனிடமும் கேட்கவில்லை. மூன்றாவது மாதம் நானே அவனை நிறுத்தினேன். அந்தக் கதை அப்புறம். இன்று அதே மாதிரி ஒரு திட்டத்தில் பெயர் பதியும் மேசையில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் வந்து உட்காரும் பெற்றோரில் பாதிப் பேர் அன்றைக்கு நான் இருந்த மாதிரியே இருக்கிறார்கள்.

முதலில் இது என்ன என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் ஈப்போ, கம்பார் பக்கம் படிக்கிற மாணவரோ வேலைக்குப் போகிற இளைஞரோ, ஒரு பிள்ளையோடு மாதத்தில் இரண்டு மூன்று தடவை நேரம் செலவழிப்பார். பேசுவார், விளையாடுவார், வெளியே கூட்டிப்போவார், பாடத்தில் சந்தேகம் இருந்தால் சொல்லியும் கொடுப்பார். படிவத்தில் அவருக்கு வழிகாட்டி என்று பெயர். பிள்ளைகளுக்கு அவர் அண்ணன் அல்லது அக்கா.

இதை இலவச டியூஷன் என்று நினைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. பெற்றோர் மேல் மட்டும் குறை சொல்ல முடியாது. டான்ஸ்ரீ டாக்டர் எம். தம்பிராஜா 1982ல் ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வித் தொண்டு அமைப்பைத் தொடங்கிய காலத்திலிருந்து, பல்கலைக்கழக மாணவர்கள் நம் பிள்ளைகளுக்குத் தொண்டாகப் பாடம் நடத்திப் பார்த்துப் பழகிய சமூகம் நாம். அது வேறு வேலை, நல்ல வேலை. வழிகாட்டித் திட்டம் பிறந்த இடம் வகுப்பறை இல்லை, நீதிமன்றம். 1904ல் நியூயார்க்கில் சிறுவர் நீதிமன்ற எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்ட்டர், தன் முன்னால் வந்து நிற்கும் பையன்களில் பலருக்குப் பெரிய குறை ஒன்றுதான், அக்கறையாகப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் யாரும் இல்லை என்று கண்டார். ஆளுக்கு ஒரு பையனோடு நட்பாக இருங்கள் என்று தன்னார்வலர்களைக் கேட்டார். இன்று அமெரிக்காவில் பெரிதாக நடக்கிற ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அப்படித்தான் தொடங்கியது.

அந்த அமைப்பில் 10 முதல் 16 வயதுவரை உள்ள 959 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 1995ல் வெளியானது. பாதிப் பேருக்கு வழிகாட்டி கொடுத்தார்கள், மீதிப் பேரைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், வழிகாட்டி கிடைத்த பிள்ளைகள் புதிதாகப் போதைப்பொருளைத் தொடுவது 46 விழுக்காடு குறைந்திருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்ட நாள்கள் 52 விழுக்காடு குறைந்திருந்தன. மதிப்பெண்? கொஞ்சம்தான் கூடியது. ஆகவே “ரெண்டு மணி நேரம் கேரம் ஆடிட்டு வர்றான், இதுக்கா அனுப்பினேன்?” என்று கேட்கிற அம்மாக்களிடம் நான் சொல்வது, ஆமாம்மா, இதுக்குத்தான். கணக்குக்கு டியூஷன் வேண்டுமென்றால் அதைத் தனியாகத் தேடுங்கள். கேரம் ஆடும்போது வாயைத் திறக்கிற பையன், வீட்டில் மூன்று மாதமாகச் சொல்லாததை அங்கே சொல்லிவிடுவான்.

இனி என் கதை.

என் மகன் அப்போது படிவம் ஒன்று, இடைநிலைப்பள்ளியில் முதல் வருடம். அவனுக்கு வந்த அண்ணன் நல்ல பையன், சைக்கிள் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடுப்பான். என் மகன் சனிக்கிழமைக்காக வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு வைப்பான். மூன்றாவது மாதம் பள்ளித் தேர்வில் அறிவியலில் தோற்றான். கோபத்தில், “இனிமே சனிக்கிழமை கிடையாது, உட்கார்ந்து படி” என்றேன். அந்த அண்ணனுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. இரண்டு வாரம் அந்த அண்ணன் மண்டபத்துக்கு வந்து காத்திருந்துவிட்டுப் போனதாகப் பிறகு தெரிந்தது. அடுத்த வருடம் தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலைக் கோயில் பக்கம் அந்த அண்ணனைத் தூரத்தில் பார்த்ததும் என் மகன் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்துகொண்டான். கேட்டதற்கு, “என்ன மூஞ்சியை வச்சிக்கிட்டுப் பேசுறது” என்றான். தப்பு செய்தது நான், வெட்கம் அவனுக்கு.

ஜீன் கிராஸ்மேன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே 1995 ஆய்வின் விவரங்களை மறுபடி அலசி 2002ல் எழுதியதை நான் ரொம்பப் பிந்தித்தான் படித்தேன். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளிலோ, பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே வைத்திருந்த மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்துபோனது. சும்மா இருந்திருந்தால்கூட அந்தக் குறைவு வந்திருக்காது. அதனால் இப்போது மேசைக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: அடுத்த ஒரு வருடம் இந்த ஊரில்தான் இருப்பீர்களா? சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற யோசனை, ஷா ஆலாமுக்கு வீடு மாறுகிற பேச்சு ஏதாவது இருந்தால் இப்போது சேர்க்க வேண்டாம். போய்ச் சேருகிற ஊரில் சேருங்கள்.

அதே கேள்வியை நீங்களும் திட்டத்தாரிடம் திருப்பிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். வருகிற அக்கா கடைசி வருட மாணவியா? படிப்பு முடிந்தால் கோலாலம்பூர் போய்விடுவாரா? ஆறு மாதத்துக்கு மேல் உறுதி சொல்ல முடியாதவரை ஒரு பிள்ளையோடு இணைக்கிற திட்டம், எவ்வளவு நல்ல மனசோடு நடந்தாலும், கொஞ்சம் அவசரப்படுகிற திட்டம்.

சந்திப்பை நிறுத்துவதைத் தண்டனையாக்கியது என் தவறு. அதைத் தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு, வழிகாட்டியையே பூச்சாண்டியாக்குவது. “இரு, சனிக்கிழமை அந்த அக்காகிட்ட சொல்றேன்.” வாட்ஸ்அப்பில் அக்காவுக்கு நீளமாக ஒரு குரல் பதிவு: வீட்டுப்பாடம் செய்யவில்லை, தம்பியை அடித்தான், நீங்க கொஞ்சம் கண்டிச்சு வைங்க. அந்தச் சனிக்கிழமையோடு அக்காவும் இன்னொரு டீச்சராகிவிடுவார், பையன் வாயை மூடிக்கொள்வான். கண்டிப்பது நம் வேலை. அதை இருபது வயதுப் பெண்ணின் தலையில் கட்டக் கூடாது.

எப்போது சேர்ப்பது என்பதிலும் நாம் பிந்திவிடுகிறோம். முன்பு ஆறாம் ஆண்டில் யுபிஎஸ்ஆர் என்ற தொடக்கப்பள்ளித் தேர்வின் முடிவு வரும், வீடு விழித்துக்கொள்ளும். 2021ல் அது போய்விட்டது. அடுத்த வருடம் படிவம் மூன்றில் எழுதுகிற பிடி3 தேர்வும் போனது. அதன் பிறகு சில வருடங்கள், படிவம் ஐந்தில் வரும் எஸ்பிஎம் தேர்வு வரைக்கும் வெளியிலிருந்து யாரும் மணி அடிக்கவில்லை. தமிழ்ப்பள்ளியில் எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை, ஆயிரம் பேர் படிக்கிற இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். மலாய் போதாதவன் புகுமுக வகுப்பில் இன்னொரு வருடம் உட்காருகிறான். கூடப் படித்தவர்கள் மேலே போக, இவன் மட்டும் பின்தங்கிய மாதிரி ஒரு நினைப்பு. அந்த இடைவெளியில்தான் கடைத்தெரு முனையில் நிற்கிற ‘அண்ணன்கள்’ மோட்டார் சைக்கிளில் ஒரு ரவுண்டு கூட்டிப்போகிறார்கள். கேங், போலீஸ் என்று ஆன பிறகு பதினைந்து வயதுப் பையனைக் கையைப் பிடித்து இழுத்து வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் ஐந்தாம் ஆறாம் ஆண்டிலேயே பெயர் கொடுத்திருந்தால், இடைநிலைப்பள்ளியில் கால் வைக்கிற அன்று பேச ஒரு ஆள் ஏற்கெனவே இருந்திருப்பார்.

இழுத்து வருவது என்றேன். பிள்ளையின் சம்மதம் கேட்காததும் தவறுதான், ஆனால் அதை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கேளுங்கள். “உன்னைத் திருத்த” என்று சொல்லிக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன், பாதுகாப்பு. எங்கள் அப்பா காலத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தவரை யார் பிள்ளை யார் வீட்டில் சாப்பிடுகிறது என்று கணக்கு இருக்காது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகையில் ஒரு பாட்டி, பக்கத்து வீட்டில் ஒரு பெரியம்மா, கோயிலில் இளைஞர் மன்றம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வந்தது, ஆனால் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. “நம்ம தமிழ்ப் பையன்தான், கோயில்ல பார்த்திருக்கேன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்கள். கோயிலில் பார்த்தது ஒரு சோதனை ஆகாது. லயத்திலும் நடக்கக் கூடாதது நடந்திருக்கிறது, வெளியே பேசாமல் விட்டோம், அவ்வளவுதான்.

ஆகவே சங்கோஜப்படாமல் கேளுங்கள். இது பதிவு பெற்ற சங்கமா, எந்தச் சங்கம்? தன்னார்வலரை எடுக்கும் முன் யாரிடம் விசாரித்தார்கள்? சமூக நல இலாகாவில், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவரின் பெயர் அதில் உண்டா என்று சரிபார்க்கச் சொல்லி விண்ணப்பிக்க முடியும். அதைச் செய்தார்களா? சந்திப்பு எங்கே நடக்கும், மற்றவர் பார்வையில் படுகிற இடமா? அண்ணனோ அக்காவோ தன் காரில் பிள்ளையைத் தனியாக ஏற்றிப் போகலாமா, போனால் யாருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்? பிள்ளையின் போனுக்கு நேராகச் செய்தி அனுப்பலாமா? எங்கள் திட்டத்தில் பெற்றோரும் ஒருங்கிணைப்பாளரும் இருக்கிற குழுவில்தான் செய்தி போகும், இரவு ஒன்பதுக்கு மேல் எதுவும் கிடையாது. இப்படி ஏதாவது ஒரு விதி எழுத்தில் இருக்க வேண்டும். கேள்வி கேட்டால் முகம் சுளிக்கிற திட்டம் என்றால், நாசி லெமாக்கைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

2017ல் வந்த குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம், தவறான நோக்கத்தோடு பிள்ளையைப் பேசிப் பழக்கி வசப்படுத்துவதையே குற்றமாக்கியிருக்கிறது. ஐந்து வருடம்வரை சிறை, பிரம்படியும் உண்டு. தொட்டால்தான் குற்றம் என்று இல்லை. “இதை அம்மாகிட்ட சொல்லாதே” என்ற பேச்சு, காரணமில்லாத விலை உயர்ந்த பரிசு, சந்திப்பு நாளில்லாத நாளில் சந்திப்பு, இவற்றில் ஒன்று தெரிந்தாலே ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள். அதற்கு மேல் சந்தேகம் என்றால் போலீசுக்குப் போங்கள், அல்லது தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999ஐ அழையுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்ததும் விசாரணைக் கூண்டில் நிறுத்துகிற மாதிரி கேட்காமல், தட்டில் சோறு போடும்போது “இன்னிக்கு என்ன பண்ணீங்க?” என்று கேட்டால் போதும். பதில் சாதாரணமாக வருகிறவரை நல்லது. பேச்சு திடீரென்று நின்றால் கவனியுங்கள்.

படிவத்தில் மறைப்பவர்கள் இன்னொரு வகை. ஆஸ்துமா, வலிப்பு, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவது, அப்பா வீட்டில் இல்லாதது, பிறப்புப் பத்திரச் சிக்கல். சொன்னால் சேர்க்கமாட்டார்கள் என்று பயம். பிறப்புப் பத்திரச் சிக்கல் தோட்டப்புற வீடுகளில் நாம் நினைப்பதைவிட அதிகம். முன்கூட்டியே சொல்லிவிட்டால், வெளியூர்ப் பயணத்தின்போது பத்துப் பேர் முன்னால் “உன் அடையாள அட்டை, மைகாட் எங்கே?” என்று பிள்ளையைக் கேட்டு நிற்கவைக்கமாட்டார்கள். படங்களை ஃபேஸ்புக்கில் போடலாமா என்ற கட்டத்தையும் படித்துவிட்டு டிக் செய்யுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

போக்குவரத்து ஒரு வரி. செம்பனைத் தோட்டத்தில் ஞாயிறும் ஆள் கேட்பார்கள், தீபாவளி நெருங்கினால் ஓவர்டைம். யார் கொண்டுவிடுவது, யார் கூட்டிவருவது என்று சேரும் முன்பே இரண்டு பேரைப் பேசி வையுங்கள்.

அப்புறம், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: பொறாமை. “அக்கா அப்படிச் சொன்னாங்க, அக்கா இப்படிச் சொன்னாங்க” என்று பிள்ளை வாரம் முழுக்கப் பாடும்போது, விடியற்காலையில் எழுந்து அவனுக்குச் சோறு கட்டுகிற நமக்கு வயிறு எரியும். எரியட்டும். அதை அக்காவைக் குறை சொல்லித் தீர்க்காதீர்கள். ஒருநாள் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தோசை சுட்டுக் கொடுங்கள். அவருக்கும் உங்கள் மேல் கொஞ்சம் பயம் இருக்கும், போய்விடும்.

எந்த அண்ணனும் அக்காவும் ஒருநாள் போகத்தான் செய்வார்கள். அந்த நாளைப் பிள்ளையிடம் மறைத்து, “அக்கா பிஸியா இருக்காங்க” என்று மாதக்கணக்கில் இழுப்பது நான் செய்ததைவிட மோசம். கடைசிச் சந்திப்பு எந்தத் தேதி என்று ஒரு மாதம் முன்பே சொல்லச் சொல்லுங்கள். நாள்காட்டியில் பிள்ளையே வட்டம் போடட்டும். அதற்குப் பிறகு போனில் பேசலாமா கூடாதா என்பதை மூவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அடுத்த வாரமே புது அக்காவுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். ஒரு பள்ளித் தவணை போகட்டும், அவனே கேட்டால் மேசைக்குக் கூட்டிவாருங்கள்.