மேரி கியூரி பிஎச்டி இடங்கள்: விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஜூனியர் ஒருத்தி தன் பட்டியலைக் காட்டினாள். ஸ்வீடனில் இரண்டு வருட மாஸ்டர்ஸ் முடிக்கப் போகிறாள். மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க் (பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்டி மாணவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டம்) இடங்களுக்கு ஆறு விண்ணப்பங்கள் தயார், ஆறும் ஸ்வீடனில். எனக்குப் பகீரென்றது. இதே தவறை நானும் செய்து ஒரு வருடத்தை இழந்திருக்கிறேன். பேராசிரியர் பெயரை மாற்றிப் போடுவது, கடைசி நிமிடத்தில் அனுப்புவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இருக்கும் நாட்டிலேயே விண்ணப்பிப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் நடக்கும் இந்த இடங்களுக்கு ஒரு விதி உண்டு. வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்தோ, படித்தோ, வேலை பார்த்தோ இருக்கக் கூடாது. நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பது கணக்கில் வராது. மாஸ்டர்ஸ் படித்த காலம் கட்டாயம் வரும்.

நான் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் முடிக்கும் சமயம், அங்கேயே ஓர் இடத்துக்கு விண்ணப்பித்தேன். இரண்டு நேர்காணல், ஆய்வகத்தில் அரை நாள், "உங்களைத்தான் எடுக்கிறோம்" என்று மின்னஞ்சலும் வந்துவிட்டது. அப்புறம்தான் எங்கெங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வசித்தேன் என்று ஒரு படிவம் கேட்டார்கள். நிரப்பி அனுப்பிய மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. விதி அறிவிப்பின் கடைசிப் பத்தியில் இருந்தது. யாரும் முதலிலேயே கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை. அதே நெட்வொர்க்கில், கிட்டத்தட்ட அதே தலைப்பில், டென்மார்க்கில் ஓர் இடம் இருந்தது. அதற்கு நான் தகுதியானவன். விசாரித்தபோது அதில் ஆள் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

கணக்கைச் சேரும் தேதியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள், விண்ணப்பிக்கும் தேதியிலிருந்து அல்ல. 2022 அக்டோபர் தொடக்கம் முதல் 2024 செப்டம்பர் முடியும்வரை ஜெர்மனியில் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், 2026 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனியில் சேர முடியாது, 13 மாதம் கணக்கில் வரும். நவம்பர் 1 அன்று சேர்ந்தால் 11 மாதம்தான், பிரச்சினை இல்லை. அதனால் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று திட்ட ஒருங்கிணைப்பாளரிடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள். ஒரு நெட்வொர்க்கின் இடங்கள் பல நாடுகளில் பரவியிருக்கும். முழுப் பட்டியலையும் பார்த்து, நாட்டை முதலில் வடிகட்டுங்கள், தலைப்பை அப்புறம்.

சொந்த ஆய்வுத் திட்டத்தை இணைப்பது

இந்த இடங்களின் தலைப்பும் வேலைத் திட்டமும் நெட்வொர்க்குக்குப் பணம் கிடைக்கும் முன்பே எழுதப்பட்டவை. நீங்கள் பத்துப் பக்கம் எழுதினால் யாரும் தேடிப் படிக்க மாட்டார்கள். உங்கள் மாஸ்டர்ஸ் தீசிஸில் செய்த எந்த அளவீடு, எந்தக் கணிப்பு முறை அந்த வேலைக்கு உதவும் என்று ஒரு பத்தியில் சொன்னால் போதும்.

அறிவிப்பில் உள்ள தொகையைச் சம்பளம் என்று நம்புவது

பெரும்பாலும் அந்தத் தொகைக்குள் நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் சமூகக் காப்பீட்டுப் பங்கும் அடக்கம். கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள்.

நான்காம் வருடம்

பல அறிவிப்புகளில் 36 மாதத்துக்குத்தான் பணம். அதற்குள் தீசிஸ் முடியாவிட்டால் யார் தருவார்கள் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். நல்ல வழிகாட்டி இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.