வெடித்த கப்பிச் சில்லை முப்பரிமாணப் பிரிண்டரில் அடிப்பது எப்படி

திருகோணமலைக் கொட்பேயில் கட்டியிருக்கும் வள்ளத்தில் கயிற்றுக் கப்பியின் பிளாஸ்டிக் சில்லு வெடித்தால், அந்த ஒன்றுக்காக முழுக் கப்பியையும் மாற்ற வேண்டி வரும். அச்சில் வார்ப்பதென்றால் முதலில் உலோக அச்சு வெட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் செய்பவருக்குத்தான் அது கட்டும். ஒன்றிரண்டு தேவைப்படும் இடத்தில்தான், பிளாஸ்டிக் இழையை உருக்கிப் படை படையாக அடுக்கும் பிரிண்டருக்கு வேலை.

பழைய சில்லைக் கலிப்பரால் மூன்று இடங்களில் அளவெடுங்கள். கயிறு ஓடிய பள்ளம் தேய்ந்திருக்கும், அந்த அளவை நம்பக்கூடாது. தேயாத பக்க விளிம்பிலிருந்து கணக்குப் பிடியுங்கள். போல்ட் போகும் நடுத் துளை பெரும்பாலும் கணினியில் வரைந்ததைவிடச் சற்றுச் சிறிதாகவே வரும். 12 மி.மீ. போல்ட் என்றால் 12.3, 12.5, 12.7 என மூன்று துளையுள்ள 5 மி.மீ. தடிப்புத் துண்டு ஒன்றை முதலில் அடித்து, எதில் போல்ட் ஆட்டமில்லாமல் சுழல்கிறதோ அதை எடுங்கள். இந்தச் சின்னத் துண்டை அடிக்கச் சோம்பல்பட்டால் முழுச் சில்லும் வீணாகும்.

இழைகளில் பல வகைப் பிளாஸ்டிக் உண்டு. அதில் பிஎல்ஏ வேண்டாம். அது ஏறக்குறைய 60 பாகை செல்சியஸிலேயே இளகும். கச்சான் காலத்து வெயிலில் மூடிய பெட்டிக்குள் வைத்தாலே வளையும். பிஇடிஜி நல்லது. நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் பாகத்துக்கு ஏஎஸ்ஏ. ஆனால் ஏஎஸ்ஏ அடிக்கும்போது புகை வரும், பிரிண்டருக்கு மூடிய கூடும் வேண்டும்.

திருமலையில் பெரிய எதிரி ஈரம். வாடை மழைக் காலத்தில் திறந்து வைத்த ஃபிலமென்ட் (பிளாஸ்டிக் இழை) ஈரத்தை இழுத்துவிடும். பிளாஸ்டிக் உருகி வெளிவரும் நொசிலுக்குள் அந்த நீர் ஆவியாகி, ‘பட் பட்’ என்று வெடித்து, சிலந்தி வலைபோல நூல் விடும். படைகளுக்கிடையே குமிழ் விழுந்து ஒட்டு பலமிழக்கும். பார்வைக்கு நன்றாக வந்த சில்லு கூட இதனால் கடலில் பிளக்கும். பிஇடிஜியை 65 பாகையில் 6 மணி நேரம் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் இறுக்கமான பெட்டியில் வையுங்கள். சமையலறை அவனில் வைக்காதீர்கள். வெப்பம் கூடிக் குறைந்து சுருளே உருகிவிடும்.

சில்லைத் தட்டில் படுக்கையாக வையுங்கள். கயிற்றின் இழுவை அப்போது படைகளின் நீளவாக்கில் போகும். நிமிர்த்தி அடித்தால் படைகளைப் பிரிக்கும் பக்கமாக இழுத்து, விறகு பிளப்பதுபோல உடையும். 0.4 மி.மீ. நொசில், 0.2 மி.மீ. படை, நொசில் வெப்பம் 240, தட்டு 80 பாகை. சுவர் (ஒவ்வொரு படையிலும் விளிம்பைச் சுற்றி ஓடும் கோடு) ஆறு, உள்நிரப்பு (சுவருக்குள் பின்னும் வலை) 40 சதவீதம். பலம் தருவது பெரும்பாலும் சுவர்தான். வெறும் கண்ணாடியில் பிஇடிஜி கண்ணாடியையே பெயர்க்கும் அளவுக்கு ஒட்டும், அதனால் மெல்லிதாகக் குளூ ஸ்டிக் பூசுங்கள். கடற்காற்று படும் யன்னலைச் சாத்துங்கள், ஓரம் கிளம்பாது. இடையில் கரண்ட் போய்த் தொடர்ந்து அடித்த சில்லைப் பூட்ட வேண்டாம். நின்ற படையில்தான் அது பிளக்கும்.

துளையைச் சீராக்க வேண்டுமானால் மெதுவாகத் துளையிடுங்கள், வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி அடைத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத போல்ட், இரு பக்கமும் வாஷர், சில்லு உரசாமல் சுழல அரை மி.மீ. இடைவெளி.

ஆட்களைத் தூக்கும் கப்பிக்கும், சுக்கானுக்கும், எரிபொருள் குழாய்க்கும் இதைப் பயன்படுத்தவே கூடாது. பூட்டிய பிறகு ஒவ்வொரு முறை கரை வந்ததும் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் படை விடத் தொடங்கிவிட்டது. கழற்றிவிட்டு அதே கோப்பிலிருந்து அடுத்ததை அடியுங்கள்.