லே-அவுட் பூங்கா இடம் பறிபோகாமல் காப்பது எப்படி?

தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளில் (லே-அவுட்) அடிக்கடி நடப்பது இது: பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைச் சுற்றி ஒருநாள் முள்வேலி எழும்பும். கேட்டால் கிரயப் பத்திரமும் பட்டாவும் காட்டுவார்கள். தானப்பத்திரம் (பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு இலவசமாக எழுதிக்கொடுக்கும் பத்திரம்) வாங்கிய நகராட்சியோ ஊராட்சியோ பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றாமல் விட்டதுதான் பல வழக்குகளுக்கு வேர். புரமோட்டர் (மனை பிரித்து விற்றவர்) பெயரிலேயே பட்டா கிடந்தால், வாரிசுகள் அதை வைத்தே விற்றுவிடுகிறார்கள்.

வழக்கறிஞரிடம் போகுமுன் ஆவணங்களைத் திரட்டுங்கள். முதலில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அனுமதி எண்ணும் முத்திரையும் உள்ள வரைபட நகல். மனை விற்றபோது புரமோட்டர் கொடுத்த அச்சுப் பிரதியை நம்ப வேண்டாம்; பூங்கா இருந்த இடத்தில் அதில் வேறு ஏதாவது எழுதியிருக்கலாம். நகல் தர இழுத்தடித்தால் 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது அந்த சர்வே எண்ணில் பதிவான பத்திரங்களின் பட்டியல். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தானப்பத்திரம் தாய் சர்வே எண்ணில் (உட்பிரிவு ஆகுமுன் இருந்த எண்), உதாரணமாக 112/3 என்று, பதிவாகியிருக்கும். பிறகு உட்பிரிவு ஆகி பூங்கா 112/3பி என்றாகியிருக்கும். புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் தானப்பத்திரம் கண்ணில் படாது. இல்லவே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். பழைய எண், புதிய எண் இரண்டிலும், மனைப்பிரிவு அனுமதி தேதிக்கு முன்பிருந்தே தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலக எல்லை இடையில் பிரிந்திருந்தால் பழைய அலுவலகத்திலும் பாருங்கள். பிறகு புல வரைபடத்தை (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) லே-அவுட் வரைபடத்தோடு ஒப்பிட்டு, சர்வேயரை வைத்து எல்லையை அளந்துகொள்ளுங்கள்.

தானப்பத்திரம் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கிடைக்காவிட்டால், இடம் உள்ளாட்சிக்கே சொந்தம் என்று வாதாடாதீர்கள். சேத்ராம் வசிஷ்ட் வழக்கில், முறையான உரிமை மாற்றம் இல்லாமல் மாநகராட்சி உரிமையாளர் ஆகிவிடாது என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் நில உரிமையாளர் அந்த இடத்தைப் பொதுமக்களுக்காக அறங்காவலர்போல வைத்திருக்கிறார் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10% இடம் விடவேண்டும் என்ற ஓஎஸ்ஆர் (திறந்தவெளி ஒதுக்கீடு) விதி செல்லாது என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2023-இல் நிராகரித்துவிட்டது. எதிர்த்தரப்பு அதைக் கிளப்பினால் இந்தத் தீர்ப்பைக் காட்டலாம்.

ஆணையர் அல்லது செயல் அலுவலர், தாசில்தார், சார்பதிவாளர் மூவருக்கும் ஒரே நாளில் பதிவு வசதி சேர்த்த விரைவுத் தபாலில், ஒப்புகையுடன் மனு அனுப்புங்கள். நடவடிக்கை இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் நடவடிக்கை எடுக்க உத்தரவிடக் கோரும் ரிட் மனு. உரிமைத் தகராறு என்று தோன்றினால் நீதிமன்றம் உங்களைச் சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிவிடும். அதனால் மனுவில் வரைபடத்தையும் அனுமதி நிபந்தனையையும் முன்னிறுத்துங்கள்.

சிவில் வழக்கென்றால், குடியிருப்போர் அனைவர் சார்பிலும் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 1 விதி 8-இன் கீழ் அனுமதி வாங்க வேண்டும். அரசையோ தாசில்தாரையோ எதிர்வாதியாகச் சேர்த்தால் பிரிவு 80 அறிவிப்பும் 2 மாத அவகாசமும் தேவை. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தால் 80(2)-இன்படி விலக்குக் கேட்டு உடனே இடைக்காலத் தடை கோருங்கள். 'பன்னிரண்டு வருஷம் அனுபவித்துவிட்டேன், இனி இடம் எனக்கே' என்ற வாதம் வரலாம்; அதனால் தாமதிக்காதீர்கள். இழந்த இடத்தை மீட்க உள்ளாட்சிக்கு வரம்புச் சட்டம் (வழக்குத் தொடுக்கக் கால அளவு சொல்லும் சட்டம்) 30 ஆண்டு தருவது பொதுத் தெரு, சாலைக்குத்தான்.

தீர்ப்பு வந்த கையோடு பட்டாவை உள்ளாட்சி பெயருக்கு மாற்ற மனு கொடுக்க வையுங்கள். அந்த சர்வே எண்ணில் பத்திரம் பதியக்கூடாது என்று, பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைச் (அரசு, உள்ளாட்சி சொத்துகளின் பத்திரத்தைப் பதிய மறுக்கச் சொல்லும் பிரிவு) சுட்டி, சார்பதிவாளருக்கு உள்ளாட்சியே கடிதம் எழுத வேண்டும். கடித நகலில் அலுவலக வரவு முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.