பண்ணைக்குட்டை: செட்டிநாட்டு மண்ணில் செய்யக்கூடாத தவறுகள்

காரைக்குடிப் பக்கம் எங்கள் நிலத்தில் மழைத் தண்ணீரைத் தேக்க முதல் குட்டையை வெட்டிய அன்று, மதியம் மூன்று மணிக்கு பொக்லைன் ஓட்டிய தம்பி கேட்டார்: "மண்ணு நல்லா வருதுண்ணே, இன்னும் ரெண்டடி போயிருவமா?" வண்டி வந்ததே வந்துவிட்டது, போகட்டும் என்று தலையாட்டினேன். அந்த ரெண்டடியில்தான் குட்டை கெட்டது. ஐந்தடி வரை செம்புறாங்கல், அதற்கடியில் பிசுபிசுவென்று களி. தண்ணீரைத் தாங்க இருந்ததே அந்தக் களி ஒன்றுதான். அதைக் கிழித்துக்கொண்டு மணலில் இறங்கிவிட்டோம். ஐப்பசியில் நிறைந்த தண்ணீர் பொங்கலுக்கு இல்லை.

செம்புறாங்கல் பார்க்கத்தான் கல்; உள்ளே முழுக்கப் பொந்து. வீடு கட்ட நல்லது, தண்ணீர் தேக்க நல்லதில்லை. அதனால் இயந்திரத்தைக் கூப்பிடும் முன் நாலு இடத்தில் சோதனைக் குழி போடுங்கள். வெட்ட நினைக்கும் ஆழத்துக்கு மேல் இரண்டடியாவது கீழே போய் எந்த அடுக்கில் என்ன மண் என்று பார்த்துவிட வேண்டும். அடிமண்ணை ஈரமாக்கி உள்ளங்கையில் திரியாக உருட்டுங்கள். பென்சில் பருமனுக்கு வந்தும் உடையாவிட்டால் களி போதும். பொடிந்தால் அந்த இடம் வேண்டாம். குழியில் சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அது நிற்கிறதா என்று காலையில் போய்ப் பாருங்கள். ஒரு நாள் கூலியோடு முடிகிற வேலை இது.

ஏற்கெனவே கிழித்துவிட்டவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, கண்மாய் வண்டல். தாலுகா அலுவலகத்தில் அனுமதி வாங்கி அள்ளி வந்து, அரையடிக் கனத்துக்குப் பரப்பி, ஈரப்படுத்தி, ரோலர் விட்டு இறுக்க வேண்டும். ஒரே நாளில் கொட்டிவிட்டு வந்தால் வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். இன்னொன்று 500 மைக்ரான் தார்ப்பாய் விரிப்பது. இதில் தண்ணீர் நிற்கும், ஆனால் ஆட்டுக் குளம்பும் கருவேல முள்ளும் அதற்கு எமன். அதைவிடப் பெரிய ஆபத்து வழுக்கல். உள்ளே விழுந்த ஆடோ பிள்ளையோ தானாக ஏறி வர முடியாது. சுற்றி வேலி போடாமல், முடிச்சுப் போட்ட கயிறு இரண்டு பக்கமாவது கட்டித் தொங்கவிடாமல் தார்ப்பாய்க் குட்டையில் தண்ணீர் விடவே கூடாது.

அடுத்த தவறு கணக்குப் போடாதது. 30 மீட்டருக்கு 30 மீட்டர், 2 மீட்டர் ஆழம், பக்கங்கள் சரிவாக என்று வைத்தால் சுமார் 14.6 லட்சம் லிட்டர் கொள்ளும். சரி, அது எங்கிருந்து வரும்? ஓர் ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்தால் விழுவது ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர். உழுத செம்மண் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் 40,000 லிட்டர். அப்படியானால் ஓர் ஏக்கரை மட்டும் நம்பி வெட்டிய அந்தக் குட்டை நிறைய இப்படிப்பட்ட மழை 36 வேண்டும். ஐந்து ஏக்கர்த் தண்ணீர் வந்து சேர்ந்தால் ஏழெட்டு மழை போதும். நமக்கு வருகிற பெருமழை ஐப்பசி, கார்த்திகையோடு சரி. அதனால் எவ்வளவு தண்ணீர் ஓடி வரும் என்று நிலத்தின் சரிவைப் பார்த்து அதற்கேற்றபடி குட்டையைச் சிறிதாக்குங்கள். பெரிதாக வெட்டிவிட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டு நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆவியாகிப் போகும். மின்சாரம் செலவழித்து வானத்துக்குத் தண்ணீர் இறைக்கிற வேலை அது.

ஊர் ஊருணியைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ சுவர் எழுப்பினாற்போல நிற்கிற கரையைப் பார்த்துவிட்டு, நம் குட்டையையும் அப்படிச் செங்குத்தாக வெட்டச் சொல்கிறோம். ஊருணிக்குக் கரையைத் தாங்குவது கல்கட்டு. நமக்கு வெறும் மண். காய்ந்திருக்கும்போது செம்புறாங்கல் விறைப்பாக நிற்கும். முதல் மழையில் அடிக்களி இளகியதும் மேல்கல் பெயர்ந்து விழும். ஓரடி இறக்கத்துக்கு ஒன்றரையடி சரிவு விடுங்கள். வெட்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்காமல் மூன்றடி தள்ளிப் போடுங்கள். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வயலில் இறைத்துவிடுங்கள், அதைப் போய்க் கரையில் புதைப்பானேன்?

கலிங்கு வைக்காத குட்டை ஒரே ராத்திரியில் உடையும். கரை உச்சிக்கு ஒன்றரையடி கீழே கல் பதித்து, மிச்சத் தண்ணீர் போக வழி விட வேண்டும். வருகிற வாயிலிலும் ஒரு சின்ன வண்டல் குழி வேண்டும். அதை ஆண்டுக்கொரு முறை தூர் வாரினால் குட்டை மேடாகாது.

அப்புறம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகிற வரத்துக்கால். அது பட்டா நிலத்துக்குள் ஓடினாலும் அதை மறித்துக் குட்டைக்குத் திருப்பாதீர்கள். கீழே அந்தத் தண்ணீரை நம்பி ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசன வயல்கள், இருக்கிறது. சண்டை ஊர்க்கூட்டத்தோடு நிற்காது, வருவாய்த்துறை வரை போகும்.

கரையில் மரம் வேண்டாம். வேர் போன வழியே தண்ணீரும் போகும். தைல மரத்தைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். அருகம்புல்லும் வெட்டிவேரும் போதும். மீன் விடுவதாக இருந்தால் மாசி வரை தண்ணீர் நிற்குமா என்று ஒரு வருஷம் பார்த்துவிட்டு விடுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி மட்டும் கூடாது, அது தடை செய்யப்பட்ட மீன்.

வேலையை ஆனி, ஆடிக்குள் முடித்தால் மழைக்கு முன் கரை இறுக நேரம் கிடைக்கும். எங்கள் இரண்டாவது குட்டையை அப்படித்தான் வெட்டினோம், களியைக் கிழிக்காமல் நிறுத்திக்கொண்டு. முதல் குட்டையை மூடவில்லை. மழைக்கு நிறைகிறது, ஒழுகுகிறது. அதற்குக் கீழே இருக்கிற கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது. வீட்டில் அதற்குச் சல்லடை என்று பேர்.